வெங்காயத்துக்கு நான் வரைந்த சென்ட்ரியோல்

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம்.

பிளஸ் டூ படிக்கும்போது என்னுடையதையும் சேர்த்து ஆறு ரெக்கார்டு நோட்டுகளில் மைட்டாசிஸ் படம் வரைந்தவன் நான். கொஞ்சம் படம் வரைய வரும் என்பதால் வகுப்பில் எனக்கு ஏக டிமாண்ட். ஒரு நோட்டுக்குக் கூலி ஒரு முட்டை பப்ஸ். இடது பக்கம் பென்சிலில் படம், வலது பக்கம் பேனாவில் செய்முறை, கடைசியில் "மேற்கண்ட நிலைகள் நுண்ணோக்கியில் காணப்பட்டன" என்று ஒரு வரி. ஆறு நோட்டிலும் அந்த வரி உண்டு.

ஆறு பேரில் ஒருவன்கூட, நான் உட்பட, வெங்காய வேரில் ஒரு செல் பிரிவதைப் பார்த்ததில்லை.

அப்புறம் செய்முறை வகுப்பில் என்னதான் நடந்தது என்று கேட்கிறீர்களா? மரப்பெட்டியிலிருந்து ஒரு பழைய சிலைடை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். ஐம்பது பேர் வரிசையில் நின்றோம். ஆளுக்குப் பத்து விநாடி. "பார்த்தாச்சா? அடுத்த ஆள்." நான் பார்த்தது என் கண் இமை முடி. எனக்கு முன்னால் நின்றவன் "சூப்பரா தெரியுதுடா" என்றான், எனக்குப் பின்னால் நின்றவனிடம் நானும் அதையே சொன்னேன். பரீட்சையில் ஸ்பாட்டராக அதே சிலைடு வந்தது. மூலையில் விரிசல் விட்ட சிலைடு என்றால் மைட்டாசிஸ் என்று மொத்த வகுப்புக்கும் தெரியும். கண்ணை வைக்காமலே விடை எழுதினோம்.

இதைப் பெரிய குற்றமாக அப்போது நினைக்கவில்லை. எல்லாரும் செய்வதுதானே. இப்போது பி.காம் படிக்கிறேன், இப்போதுதான் இது உறுத்துகிறது. "காமர்ஸ்காரனுக்கு வெங்காய வேர் எதுக்குடா" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். காமர்ஸ் படிப்பதால்தான் உறுத்துகிறது.

நான் வரைந்த படத்தில் செல்லின் இரண்டு முனைகளிலும் குட்டிக் குட்டியாகச் சென்ட்ரியோல் இருந்தது. அதைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி கதிர்கள். ஏதோ ஒரு கைடில் இருந்த விலங்கு செல்லைப் பார்த்து அழகாக இறக்கியிருந்தேன். வெங்காயம் மாதிரியான பூக்கும் தாவரங்களின் செல்லில் சென்ட்ரியோல் கிடையவே கிடையாது. குரோமோசோம் நான்கு வரைந்தேன், வெங்காயத்துக்கு இருப்பது 16. கடைசிப் படத்தில் செல்லை இடுப்பில் கயிறு கட்டி இறுக்கினாற்போல் இரண்டாக்கினேன். தாவர செல்லைச் சுற்றிச் சுவர் இருக்கிறது, அது அப்படி இறுகாது. நடுவில் செல் தட்டு என்று ஒன்று தோன்றி, உள்ளிருந்து வெளிப்பக்கமாக வளர்ந்து போய்ப் பக்கச் சுவரைத் தொடும். ஆக, மேலே வெங்காயம் என்று தலைப்புப் போட்டுவிட்டு உள்ளே ஏதோ ஒரு பிராணியை வரைந்திருக்கிறேன்.

ஆறு நோட்டிலும் சிவப்பு மையில் டிக். வெளியிலிருந்து வந்த தேர்வாளரும் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். யார் கண்ணிலும் அந்தச் சென்ட்ரியோல் படவில்லை. ஏனென்றால் யாரும் படத்தை வெங்காயத்தோடு ஒப்பிடவில்லை. படத்தை இன்னொரு படத்தோடு ஒப்பிட்டார்கள்.

எங்கள் பாஷையில் சொல்கிறேன். சரக்கு வரவே இல்லை. சான்றுச் சீட்டும் இல்லை. ஆனால் குறிப்பேட்டில் கொள்முதல் என்று எழுதியாகிவிட்டது, பேரேட்டிலும் ஏறிவிட்டது, இருப்பாய்வு பைசா சுத்தமாக டேலி ஆகிறது, தணிக்கையாளர் கையெழுத்தும் விழுந்துவிட்டது. இதற்கு என்ன பெயர்? 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் தானே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டாரே, கணக்கில் காட்டிய ரொக்க, வங்கி இருப்பில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் உண்மையில் இல்லவே இல்லை என்று. எல்லா பி.காம் மாணவனுக்கும் அதைப் பாடமாக நடத்துகிறார்கள். அங்கே இல்லாததை எழுதியவர்களுக்கு வழக்கும் தண்டனையும். இங்கே இல்லாததை எழுதியவனுக்கு முழு மார்க்கு. பதினேழு வயதில் மார்க்கு வாங்கிப் பழகிய கை, இருபத்தேழு வயதில் மட்டும் திடீரென்று நடுங்குமா?

சரி, நிஜத்தைப் பார்த்த கதைக்கு வருகிறேன்.

எங்கள் கல்லூரியில் பாட்டனி படிக்கும் நண்பன் ஒருவனிடம் இந்த முட்டை பப்ஸ் கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "ஒரு வெங்காயம் கொண்டு வா" என்றான். வெங்காயத்தின் அடியில் இருந்த காய்ந்த பழைய வேரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி ஒரு கண்ணாடி டம்ளர் வாயில் உட்கார வைத்தோம். நாலு நாளில் வெள்ளை வெளேரென்று தாடி முளைத்தது. காலையில் நுனிகளை வெட்டி, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசெட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் ஒரு நாள் போட்டான். செல்கள் எந்த நிலையில் இருந்தனவோ அதே நிலையில் அப்படியே நின்றுவிடும் என்றான். அதாவது செத்துவிடும்.

மறுநாள் அந்த நுனியை வெதுவெதுப்பான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் வைத்தான். செல்லையும் செல்லையும் ஒட்டி வைத்திருக்கும் பசை அதில்தான் கரைகிறது. பிறகு அசிட்டோகார்மைன் சாயம். (கார்மைன் என்பது கள்ளிச் செடியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து எடுக்கிற சிவப்பு என்பது உபரித் தகவல்.) சாயம் ஏறியதும் நுனி மட்டும் கருஞ்சிவப்பாகத் தெரிந்தது. அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிப் போட்டுவிட வேண்டும். செல் பிரிவது அங்கேதான், மேலே போகப் போக செல்கள் நீளுமே தவிரப் பிரியாது. கண்ணாடி வில்லையால் மூடி, ஊசியின் கட்டைப் பக்கத்தால் மெல்லத் தட்டி, உறிஞ்சு தாளை வைத்துக் கட்டைவிரலால் ஒரே அழுத்து. பக்கவாட்டில் நகர்ந்தால் போச்சு.

என் முதல் சிலைடு போச்சு. இரண்டாவதில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் களி மாதிரி இருந்தது. மூன்றாவதில்தான் தெரிந்தது.

என்ன தெரிந்தது? நான் வரைந்த எதுவும் தெரியவில்லை. சதுரம் சதுரமாகச் செல்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிவப்பு உருண்டை. பார்க்கும் இடமெல்லாம் உருண்டை. எங்கோ ஒரு மூலையில் நூல்கண்டு பிரிந்தாற்போல் ஒன்று. இன்னும் தள்ளி, நடுக்கோட்டில் இடித்துக்கொண்டு நிற்கும் குச்சிகள், எண்ணவே முடியவில்லை, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கின்றன. "இதான் மெட்டாஃபேஸா?" என்றேன். "அதேதான். நீ வரைஞ்ச மாதிரி வரிசையா நிக்கும்னு நினைச்சியா?" என்றான். எனக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது என்று சொன்னால் நம்புங்கள்.

பிறகு எண்ணச் சொன்னான். 200 செல் எண்ணினோம். 183 இண்டர்ஃபேஸ், அதாவது வெறும் உருண்டை. புரோஃபேஸ் 10, மெட்டாஃபேஸ் 3, அனாஃபேஸ் 1, டீலோஃபேஸ் 3.

இந்த ஐந்து எண்களில்தான் விஷயமே இருக்கிறது. திருப்பதியில் வைகுண்டம் கியூ காம்ப்ளக்ஸை மேலிருந்து ஒரே ஒரு போட்டோ எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் அறையில் ஆயிரக்கணக்கில் ஜனம், பெருமாளுக்கு நேர் எதிரே நாலைந்து பேர். அந்த ஒரு போட்டோவை வைத்தே, காத்திருப்பது மணிக்கணக்கு, தரிசனம் நொடிக்கணக்கு என்று சொல்லிவிடலாம். எங்கே நேரம் அதிகம் ஆகிறதோ அங்கே தலை அதிகம். செல்லும் அப்படித்தான். 200-க்கு 17 என்றால் 8.5 சதவீதம். ஒரு செல் ஒரு முழுச் சுற்று முடிக்கச் சுமார் 20 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், அதில் பிரிவதற்கு எடுத்துக்கொள்வது 1 மணி 42 நிமிடம். குரோமோசோம்கள் இரண்டு பக்கமாக விலகிப்போகும் அனாஃபேஸ் வெறும் 6 நிமிடம். தோராயம்தான். ஒரே ஒரு அனாஃபேஸை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது, ஆயிரம் செல் எண்ணினால் நம்பலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், செத்துப்போன செல்களை எண்ணி உயிரோடிருந்த செல்லின் கடிகாரத்தைப் படித்திருக்கிறோம்!

என் ரெக்கார்டு நோட்டில் ஐந்து நிலைக்கும் ஆளுக்கு ஒரு வட்டம், எல்லாம் ஒரே அளவு. அதைப் பார்க்கிறவன் ஐந்துக்கும் சம நேரம் என்றுதான் நினைப்பான். நான் நினைத்தேன். படம் தப்பு மட்டுமல்ல, பொய்யும் சொல்கிறது.

"சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு சவுண்டு? விஞ்ஞானிகள் சரியாகப் பார்த்துத்தானே புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள், நாம் காப்பி அடித்தால் என்ன?" என்பவர்களுக்கு ஒரு கதை.

மனிதனுக்கு எத்தனை குரோமோசோம்? 46, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் 1923 முதல் 1955 வரை உலகம் முழுக்க 48 என்றுதான் படித்தார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தியோஃபிலஸ் பெயின்டர் என்பவர் சொன்ன கணக்கு அது. அவரே 1921-இல் 46-ஆ 48-ஆ என்று தடுமாறினார், மிகத் தெளிவாகத் தெரிந்த செல்களில் 46-தான் தெரிந்தது என்றுகூட எழுதினார். பிறகு 1923-இல் 48 என்று முடிவு கட்டினார். அதற்குப் பின் வந்தவர்களும் 48 என்றே எண்ணினார்கள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கும்போதே விடை தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

1955 டிசம்பரில் ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் இரண்டு பேர் புதிதாக எண்ணினார்கள். ஒருவர் ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் சியோ, பயிர் ஆராய்ச்சியிலிருந்து வந்தவர். இன்னொருவர் ஆல்பர்ட் லெவான். லெவான் எதில் கை தேர்ந்தவர் தெரியுமா? வெங்காய வேரில்! கோல்கிசின் என்ற மருந்தை வெங்காய வேருக்குக் கொடுத்தால் செல் பகுப்பு என்னாகிறது என்று 1938-இலேயே எழுதியவர். (நம் மாநில மலர் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கிறதே, அதே கோல்கிசின்.) செல்லை உப்பவைத்து, கோல்கிசின் கொடுத்து, வெங்காய வேரை நசுக்குவது போலவே மனிதச் செல்லை நசுக்கி எண்ணினார்கள். 46. திரும்ப எண்ணினார்கள். 46.

கதையின் உச்சக்கட்டம் இனிமேல்தான். 1956-இல் வந்த அவர்களுடைய கட்டுரையிலேயே ஒரு தகவல் இருக்கிறது. அவர்களுக்கு முன்பே வேறு சில ஆராய்ச்சியாளர்கள் மனிதக் கல்லீரல் செல்லில் திரும்பத் திரும்ப 46 எண்ணியிருக்கிறார்கள். மீதி இரண்டைக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று ஆராய்ச்சியையே நிறுத்தி வைத்துவிட்டார்கள்! கண் சரியாகத்தான் பார்த்தது, அந்தக் கண்ணை நம்பத்தான் தைரியம் வரவில்லை. இருப்பாய்வில் வித்தியாசம் வந்தால் அதை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவார்களே, அந்த மாதிரி உலகமே 30 வருஷத்துக்கு மேல் இரண்டு குரோமோசோமை அனாமத்தில் வைத்திருந்திருக்கிறது.

நம் செய்முறை வகுப்பு இந்தத் தைரியத்தைத்தான் முதல் நாளே அடித்து உடைக்கிறது. "மங்கலா ஏதோ தெரியுது சார்" என்று சொல்லும் பையனிடம் "புத்தகத்துல இருக்கறத வரை" என்கிறோம். அப்படிச் சொல்லிவிட்டு நாமே அறிவியல் மனப்பான்மை என்று மேடையில் பேசுகிறோம்.

இனி வழக்கமான சமாதானங்களைப் பார்ப்போம்.

"ஐம்பது பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப், எப்படி சார் முடியும்?" ஐம்பது பேர் இருப்பதுதான் வசதியே. ஆளுக்கு 20 செல் எண்ணினால் 1000 செல். தனி ஆளாக எண்ணினால் கண் போய்விடும். வெட்டிய நுனிகளை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு வைத்தால் பல நாள் கெடாது, ஒரே நாளில் எல்லாருக்கும் தயார் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு வாரத்துக்கு மதிய இடைவேளையில் பத்துப் பத்துப் பேராகப் பார்க்கலாம். செலவு? பெரும்பாலான பள்ளி லேபில் அமிலமும் சாயமும் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. வெங்காயம் நான் வாங்கித் தருகிறேன்.

"இணையத்தில் அருமையான வீடியோ இருக்கிறதே?" இருக்கிறது, நானும் பார்த்திருக்கிறேன், அழகு. உயிருள்ள செல் பிரிவதை அதில்தான் பார்க்க முடியும். ஆனால் யாரோ ஒருவர் ஆயிரம் செல்லில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மணிக்கணக்கை நிமிடமாகச் சுருக்கிக் கொடுத்தது அது. அந்த 183 உருண்டையை யாரும் வீடியோவில் காட்ட மாட்டார்கள். தேடிக் கண்டுபிடிக்கிற வேலையை நமக்குப் பதிலாக அவர் செய்துவிட்டார். கல்யாண வீடியோ பார்த்தால் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டதாகுமா?

"எல்லாரும் விஞ்ஞானியாகவா போறாங்க?" இல்லை. அதனால்தான் சொல்கிறேன். பாட்டனி எடுத்தவன் கல்லூரியில் எப்படியும் பார்த்துவிடுவான். என்னை மாதிரி காமர்ஸுக்கும், சட்டத்துக்கும், கடைக்கும் போகிறவர்களுக்கு பிளஸ் டூ லேப்தான் கடைசி வாய்ப்பு. நம் உடம்பில் இந்த நிமிடமும் நடக்கிற காரியத்தை வாழ்க்கையில் ஒருமுறை சொந்தக் கண்ணால் பார்க்க அதற்கப்புறம் நமக்கு வழியே இல்லை.

"சரி, பார்த்து என்ன பிரயோஜனம்?" இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி :-) வெங்காய வேர் ஒரு காவல் நாய். நச்சுக் கலந்த தண்ணீரில் வளர்த்தால் வேர் நீளம் குறையும், பிரியும் செல்களின் சதவீதம் குறையும், குரோமோசோம்கள் உடைந்தும் பின்தங்கியும் தெரியும். லெவான் 1938-இல் தொடங்கி வைத்த இந்த முறையை உலகம் முழுக்கத் தண்ணீரின் நச்சைச் சோதிக்க இன்றும் பயன்படுத்துகிறார்கள். சாயக்கழிவு கலந்த நொய்யலும், தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த பாலாறும் ஓடும் மாநிலம் நம்முடையது. ஒரு டம்ளரில் ஆற்றுத் தண்ணீர், ஒரு டம்ளரில் நல்ல தண்ணீர், இரண்டிலும் ஒரே மாதிரி வெங்காயம். எந்த நச்சு, எவ்வளவு என்று அது சொல்லாது, அதற்குப் பெரிய லேப் வேண்டும். ஆனால் ஏதோ சரியில்லை என்று சொல்லும். அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாங்களே எண்ணி எழுதிய கணக்கு ஒன்று கையில் இருந்தால், "தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்பவரிடம் அடுத்த கேள்வி கேட்கலாம். ஆனால் எண்ணாமலே எண்ணியதாக எழுதப் பழகிய பிள்ளை கையில் அந்தக் கணக்கை யார் நம்புவார்?

என் கோரிக்கை பெரிசாக ஒன்றுமில்லை. ரெக்கார்டு நோட்டில் மைட்டாசிஸ் பக்கத்தில் அழகுக்கு மார்க்கு போடாதீர்கள். எத்தனை செல் எண்ணினாய், எந்த நிலையில் எத்தனை, எது தெரியவில்லை என்று கேளுங்கள். "அனாஃபேஸ் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை" என்று எழுதுபவனுக்கு முழு மார்க்கு கொடுங்கள், அவன் பார்த்திருக்கிறான். ஐம்பது நோட்டிலும் ஒரே எண் இருந்தால் ஐம்பதையும் திருப்பிக் கொடுங்கள். மாணவர்களுக்கு: கோணல் மாணலாக இருந்தாலும் பார்த்ததை வரையுங்கள். 1882-இல் செல் பகுப்பை வரைந்து மைட்டாசிஸ் என்று பெயர் வைத்த வால்தர் ஃபிளெமிங்குக்குக் காப்பி அடிக்கப் புத்தகம் இல்லை. அவர் சாலமாண்டர் செல்லைப் பார்த்துத்தான் வரைந்தார்.

இந்த வருஷமும் யாராவது தம்பி தங்கை முட்டை பப்ஸோடு வந்து நிற்பார்கள். பப்ஸை வாங்கிக்கொள்வேன். படத்துக்குப் பதில் ஒரு வெங்காயமும் ஒரு கண்ணாடி டம்ளரும் கொடுத்து அனுப்புவேன். நாலு நாள் கழித்து வரட்டும்.

பி.கு: ஆர்வக் கோளாறில் யாரும் வீட்டுச் சமையலறையில் அமிலத்தைச் சூடு பண்ணாதீர்கள். வேர் வளர்ப்பதை மட்டும் வீட்டில் செய்யுங்கள், மீதியை லேபில் ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அவரும் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருக்கும்.